நாலு வீடு, நாலு ஏர்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடு. இந்தக் கடிதத்தைக்கூட மருமகளை வாசிக்கச் சொல்லிக் கேள். இங்கே எல்லோரும் சுகம். பேத்திக்கு லீட்ஸிலேயே காலேஜ் கிடைத்துவிட்டது.

வரலாற்று வாத்தியார் உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது? யார்க்‌ஷயர் மேட்டு நிலத்தில் வாரம் பெர்சி என்று ஆளில்லாத கிராமம் ஒன்று இருக்கிறது. காரை நிறுத்திவிட்டு முக்கால் மைல் நடக்க வேண்டும். கூரை போன செயின்ட் மார்ட்டின் தேவாலயம் நிற்கிறது. அதன் கோபுரத்தில் பாதி 1959இல் சரிந்துவிட்டது. மற்றபடி புல் மூடிய மேடும் பள்ளமும்தான். ஆனால் வெயில் சாய்ந்த நேரத்தில் பார்த்தால் தெரு, வீட்டு மனை, பின்னால் கொல்லை எல்லாம் வரிசை பிசகாமல் எழுந்து வரும். 1086இல் இங்கிலாந்து அரசன் எடுத்த டூம்ஸ்டே நிலக் கணக்கெடுப்பிலேயே வாரம் என்ற பெயர் இருக்கிறது.

வருகிறவர்கள் எல்லாம் ‘பிளேக்கில் அழிந்த ஊர்’ என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். கேட்டாலே எனக்கு எரிச்சல். 1348–49 கொள்ளைநோய் இங்கேயும் ஆட்களை வாரிக்கொண்டு போயிருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகும் நூற்றைம்பது வருஷம் போல இங்கே அடுப்பு எரிந்திருக்கிறது. ஆள் குறைந்ததும் கூலி ஏறிற்று, தானியம் விலை போகவில்லை, கம்பளிக்கோ நல்ல கிராக்கி. உழுது விதைக்கப் பல குடும்பம் வேண்டிய நிலத்தில் ஆடு மேய்க்க ஓரிருவர் போதும். பண்ணையார் வேறெப்படிக் கணக்குப் போடுவார்? 1403இல் ஊர் அதன் பண்ணையார்களான பெர்சி குடும்பத்திடமிருந்து ஹில்டன் குடும்பத்துக்குக் கை மாறியது. 1500 வாக்கில் மிச்சமிருந்தவர்களையும் கிளப்பிவிட்டார்கள். உழவு நிலம் இப்படி நாடெங்கும் மேய்ச்சலாவது பற்றி 1517இல் அரசு விசாரணை நடந்தது. அதில் இந்த ஊருக்கு எழுதியிருப்பது: நாலு வீடு பாழ், நாலு ஏர் நின்றுபோயிற்று.

ஊர் மெதுவாக வற்றியதற்குத் தேவாலயச் சுவரே சாட்சி. ஜனம் பெருகிய காலத்தில் பக்கவாட்டில் கூடங்களைச் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். பிறகு அவற்றை இடித்து, நடுவிலிருந்த வளைவுகளைக் கல் வைத்து அடைத்துவிட்டார்கள். அந்த வளைவுகளின் விளிம்பு இன்றும் சுவரில் தனியாகத் தெரிகிறது. நான் விரலால் தடவிப் பார்த்தேன்.

இந்த இடத்தைத் தோண்டியது லீட்ஸ் பல்கலைக்கழகத்துப் பொருளாதார வரலாற்றாளர் மாரிஸ் பெரஸ்ஃபோர்டும் தொல்லியலாளர் ஜான் ஹர்ஸ்டும். 1950 முதல் 1990 வரை, கோடைக்குக் கோடை, தொண்டர்களை வைத்துக்கொண்டு. கோட்டையும் மடாலயமும்தான் தோண்டத் தகுந்தவை என்றிருந்த காலத்தில் இவர்கள் குடியானவன் வீட்டைத் தேடினார்கள். வளைந்த மரங்களை ஜோடி ஜோடியாக நிறுத்திக் கூரையைத் தாங்கவிட்ட நீண்ட வீடு. ஒரு கோடியில் மனுஷர், மறு கோடியில் மாடு.

எலும்புக்கூடுகள் அறுநூறுக்கும் மேல் கிடைத்தன. அதில் ஒருவர் ஆயிரம் வருஷத்துக்கு முந்திய ஆள், நாற்பது வயதிருக்கும். மண்டையில் பலத்த அடி. யாரோ தோலை விலக்கி, உடைந்த எலும்புத் துண்டுகளை எடுத்திருக்கிறார்கள். எலும்பு ஆறியிருக்கிறது, மனிதர் பிழைத்திருக்கிறார்! மயக்க மருந்து இல்லாத காலம், சண்முகம். நீ கண்ணுக்கு விட்ட சொட்டுக்கே முனகியதாக மருமகள் சொன்னாள்.

இன்னொரு இடத்தில் குறைந்தது பத்துப் பேருடைய எலும்புகள், கத்தியால் வெட்டியும் தீயில் சுட்டும் போட்டவை. 2017இல் வெளியான ஆய்வு, செத்தவர்கள் எழுந்து நடமாடாமலிருக்கச் செய்த வேலையாக இருக்கலாம் என்கிறது. பஞ்சத்தில் மனித மாமிசம் தின்ற தடயமோ என்றும் யோசித்திருக்கிறார்கள். வெட்டு விழுந்த இடங்கள் அதற்குப் பொருந்தவில்லையாம். வெளியூர்க்காரர்களை இப்படிச் செய்திருப்பார்களோ என்றால் அதுவும் இல்லை. பல்லைச் சோதித்ததில் அந்த வட்டாரத்திலேயே வளர்ந்தவர்கள் என்று தெரிந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரனைப் புதைத்த பிறகும் பயம் விடவில்லை போலும்.

ஜூனில் வருவதாகச் சொன்னாயே, டிக்கெட் போட்டாயிற்றா? உன்னை அங்கே கூட்டிப்போகத்தான் போகிறேன். செருப்போடு வந்து நிற்காதே, நல்ல பூட்ஸ் வாங்கிக்கொள். பாதை முழுக்கச் சேறும் சாணியும்.

அன்புடன்,
ராகவன்