மாப்பிள்ளைக்கு ஏழு லிட்டர் வேண்டுமாம்

அன்புள்ள அம்மிணிக்கு,

நீ கட்டுகிற கோப்ரா ஸ்போர்ட்ஸ் காரின் போட்டோக்களைக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டேன். சேஸிஸ் வெல்டிங் சுத்தமாக இருக்கிறது. எஞ்சின் விஷயத்தில்தான் வீட்டில் பஞ்சாயத்து என்கிறாய்: மாப்பிள்ளைக்கு 427 கன அங்குலம், அதாவது ஏழு லிட்டர்; உனக்கு 302, அதாவது ஐந்து லிட்டர். தீர்ப்புச் சொன்னால் மாமனார் மரியாதை போய்விடும். சரி, போகட்டும்.

கோப்ரா பிறந்ததே எஞ்சின் தேடப் போய்த்தான். இங்கிலாந்தில் ஏசி என்ற கார் கம்பெனி தன் ஏஸ் காருக்கு வாங்கிக்கொண்டிருந்த பிரிஸ்டல் ஆறு சிலிண்டர் எஞ்சின் தயாரிப்பு நின்றுபோனது. 1962இல் அமெரிக்க ரேஸ்காரர் கரோல் ஷெல்பி அந்தக் காருக்குள் ஃபோர்டின் 260 வி8 என்ற எட்டு சிலிண்டர் எஞ்சினை இறக்கினார். இரும்பு பிளாக்தான், ஆனால் சுவரை மெல்லிசாக வார்த்திருந்ததால் எடை கம்மி. அதனால்தான் பொருந்தியது. அப்புறம் 289. 427 மேல் ஆசை வந்தபோது பழைய சேஸிஸ் தாங்கவில்லை. மூன்று அங்குலக் குழாயை நான்கு அங்குலமாக்கி, பட்டை ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு காயில் ஸ்பிரிங் போட்டார்கள். 427 என்று விற்ற ரோட்டு வண்டிகள் பலவற்றில் உள்ளே இருந்தது விலை குறைந்த 428!

இரண்டு எஞ்சினுக்கும் எடையில் ஒன்றரைச் சிமெண்டு மூட்டை வித்தியாசம் வரும். அத்தனையும் முன் அச்சின் தலையில். நான் பட்டிருக்கிறேன். டீசல் மலிவாக இருந்த காலத்தில் ஒரு டாக்டரின் பெட்ரோல் அம்பாசிடருக்குப் பெரிய டீசல் எஞ்சின் மாற்றிக் கொடுத்தேன். மவுண்டிங் எல்லாம் என் கையால் வெல்டு செய்தது, அவ்வளவு பெருமை. ரேடியேட்டரை மட்டும் பழசே போதும் என்று விட்டுவிட்டேன். குன்னூர் ஏற்றத்தில், பர்லியாருக்கு முன்னாலேயே கொதித்து நின்றது. டாக்டர் ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது. வண்டியை இறக்கிக் கொண்டுவந்து பார்த்தால் மூக்கு இரண்டு விரல்கடை தாழ்ந்திருந்தது.

அதனால் என் ஓட்டு 302க்கு. ஆயிரம் கிலோ வண்டிக்கு அதுவே திகட்டும். 1996 முதல் 2001 வரை ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரில் வந்த 5 லிட்டர் வி8 இதே எஞ்சின்தான், வால்வைத் தள்ளும் லிஃப்டரில் உருளை வைத்த ரோலர் லிஃப்டரோடு. பழைய வண்டி உடைக்கிற இடங்களில் கேட்டுப் பார். ஃபோர்டின் புது வி8ஆன கொயோட் நல்ல எஞ்சின்தான், ஆனால் நான்கு கேம்ஷாஃப்ட், சிலிண்டர் ஹெட் அகலம். உன் கால் வைக்கும் பெட்டிக்குப் பக்கத்தில் எக்ஸாஸ்ட் குழாய்க்கு இடம் திண்டாட்டமாகிவிடும்.

ஒரு விஷயத்தில் மட்டும் ஏமாந்துவிடாதே. கிராங்க் உதறாமல் சுற்ற ஃபிளைவீலில் வைக்கும் பாலன்ஸ் பழைய 302க்கு 28 அவுன்ஸ், 80களில் வந்ததிலிருந்து 50. ஃபிளைவீல் இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், போல்ட்டும் ஏறும். மாற்றி மாட்டினால் ஸ்டார்ட் ஆகும், வேகம் ஏற ஏற உதறும், கடைசியில் கிராங்க் பேரிங்கைத் தின்றுவிடும். கிராங்கின் முன்பக்கம் அதிர்வை அடக்கும் டேம்பர் சக்கரத்துக்கும் இதேதான். ஃபயரிங் ஆர்டரும், அதாவது சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசையும், எல்லா 302க்கும் ஒன்றல்ல; அது கேம்ஷாஃப்ட்டைப் பொறுத்தது. பிளக் வயர் மாட்டுவதற்கு முன் உள்ளே எந்த கேம் என்று கேட்டுக்கொள்.

எஞ்சினுக்குப் பணம் கட்டும் முன் ரேடியேட்டரின் அகலம், உயரம், உள்ளே தண்ணீர்க் குழாய்கள் எத்தனை வரிசை, மூன்றையும் அளந்து அனுப்பு.

மாப்பிள்ளையிடம் இந்தக் கடிதத்தைக் காட்டுவதானால் அந்த 428 வரியை மட்டும் கட்டைவிரலால் மறைத்துக்கொள்.

அப்பா