கீழூர்க்காரர்கள் கணக்குக் கேட்பார்கள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் நாவலைப் படித்து முடித்துவிட்டேன். திரையில் படித்தால் கண் வலிக்கிறது என்று அப்பா கடையில் கொடுத்துப் பிரிண்ட் எடுத்து வந்தார். போனில் அவசரமாகச் சொல்லிவிடக்கூடிய விஷயமாகத் தெரியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

அண்ணனும் தங்கையும் சின்ன வயதில் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கீழூர் என்று ஒரு நகரத்தை வரைந்து விளையாடுகிறார்கள். பல வருடம் கழித்து அவள் குடியிருக்கும் வீட்டுக்குப் பின்னால், அதுவரை இல்லாத ஒரு தெரு முளைத்திருக்கிறது. தெருப்பலகையில் இருப்பது அவளுடைய ஒன்பது வயதுக் கையெழுத்து. அந்த இடத்தில் எனக்கு உண்மையிலேயே உடம்பு சிலிர்த்தது. அப்புறம் கீழூரிலிருந்து எலும்பு தின்னிகளும் முகமில்லாதவர்களும் வரத் தொடங்குகிறார்கள். அவர்கள் வரவர என் பயம் குறைந்துகொண்டே போனது.

நடுவில் ஒரு பையன் வருகிறான். கோட்டை வாசலில் நிற்கிற காவல்காரப் பையன். அண்ணனோடு போட்ட ஒரு சண்டையில் ஜெயிப்பதற்காகச் சிறுவயதில் அவள் அவனைச் சாகடித்திருக்கிறாள். அவன் வந்து கதவைத் தட்டி, “எதுக்குக்கா என்னைக் கொன்னீங்க?” என்று கேட்கிறான். நீ அவனை அரைப் பக்கத்தில் அனுப்பிவிட்டாய். என்னைக் கேட்டால் அந்தப் பையன்தான் உன் நாவல்.

ஏன் அப்படி நினைக்கிறேன் என்று சொல்கிறேன். வசிட்டர் இராமனுக்குச் சொல்லும் கதைகளைக் கொண்ட ஞானவாசிட்டத்தில் இலவணன் என்ற அரசனின் கதை வருகிறது. அரச சபைக்கு வந்த இந்திரசாலக்காரன் ஒருவன் மயிற்பீலிக் கற்றையை ஆட்டுகிறான். ஒரு குதிரை வந்து நிற்கிறது. அரசன் அதைப் பார்த்தபடியே அசையாமல் உட்கார்ந்துவிடுகிறான். சபைக்குச் சிறிது நேரம்தான் கழிகிறது. அவனுக்குள்ளே ஒரு வாழ்நாள் ஓடுகிறது. குதிரை அவனைக் காட்டில் கொண்டுபோய் விடுகிறது. பசியில் கிடப்பவனிடம் ஒதுக்கப்பட்ட குடியில் பிறந்த ஒரு பெண், தன்னைக் கட்டிக்கொண்டால் சோறு தருவதாகச் சொல்கிறாள். கட்டிக்கொள்கிறான், பிள்ளைகள் பிறக்கின்றன, கிழவனாகிறான். பிறகு பஞ்சம். கடைசிப் பிள்ளை பசி தாங்காமல் இறைச்சி கேட்க, என் சதையைத் தின்று பிழைத்துக்கொள் என்று தீயில் விழப்போகிறான். அந்த நொடியில் சிங்காசனத்தில் கண் விழிக்கிறான்.

கனவென்று சொல்லி இங்கேயே முடித்திருந்தால் அது சாதாரணக் கதை. இலவணன் முடிக்கவில்லை. மறுநாள் பரிவாரத்தோடு விந்திய மலைக்காட்டுக்குப் போய்த் தேடுகிறான். அந்த ஊர் அங்கே இருக்கிறது. பஞ்சத்தில் செத்த மகளையும் மருமகனையும் பேரப்பிள்ளைகளையும் சொல்லி ஒரு கிழவி அழுதுகொண்டிருக்கிறாள். அந்த மருமகன் இவன்தான். வசிட்டர் இதை வைத்து மனத்தைப் பற்றி நிறையப் பேசுகிறார், அது இருக்கட்டும். எனக்கு அந்தக் கிழவியைத் தாண்டிப் போக முடிவதில்லை. அரசனுக்கு ஒரு மயக்கமாக இருந்தது அவளுக்கு வீடும் மகளும் பேரனும். கற்பனை உலகம் நிஜமாகும் கதையில் பயங்கரம் இருக்கிற இடம் இதுதான் என்று நினைக்கிறேன். அங்கே இருக்கிறவர்களுக்கு நம்மேல் உரிமை வந்துவிடுகிறது.

நீ இருக்கும் லீட்ஸ் நகரத்திலிருந்துதான் 1826 ஜூனில் பேட்ரிக் ப்ரான்டே என்ற பாதிரியார் தன் மகன் ப்ரான்வெல்லுக்குப் பன்னிரண்டு மரச் சிப்பாய்கள் வாங்கிப் போனார். ஊர் ஹாவொர்த். அந்த வீட்டில் தாய் 1821-இலேயே இறந்துவிட்டாள். மூத்த பெண்கள் மரியாவும் எலிசபெத்தும் 1825-இல் சில வார இடைவெளியில் போய்விட்டார்கள். மிஞ்சிய சார்லட், ப்ரான்வெல், எமிலி, ஆன் நால்வரும் ஆளுக்கொரு சிப்பாயை எடுத்துப் பெயர் வைத்தார்கள். அந்த மூன்று பெண்களும்தான் பின்னால் நாவலாசிரியைகள் ஆனவர்கள். சார்லட்டின் சிப்பாய் வெலிங்டன், ப்ரான்வெல்லின் சிப்பாய் நெப்போலியன். சிப்பாய்கள் கப்பலேறி ஆப்பிரிக்கக் கரையில் கண்ணாடி நகரம் என்று ஒன்றைக் கட்டினார்கள். நான்கு பிள்ளைகளும் அந்த உலகத்தின் பூதங்கள், ஜீனிகள். செத்த சிப்பாயை எழுப்பும் சக்தி அவர்களுக்கு உண்டு. இரண்டு அக்காக்களைப் புதைத்த மறுவருடம், குழந்தைகள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட விதி அது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

பின்னால் அந்த விளையாட்டிலிருந்து சார்லட்டும் ப்ரான்வெல்லும் அங்க்ரியா என்ற நாட்டை உண்டாக்கினார்கள். எமிலியும் ஆனும் பிரிந்து போய் கோண்டல் என்ற தீவை உண்டாக்கினார்கள். சார்லட் இருபது வயதில் ரோ ஹெட் பள்ளியில் ஆசிரியையாக வேலை பார்த்தபோது, வீட்டிலிருந்த ப்ரான்வெல் கதையில் ஒரு சீமாட்டியைச் சாகடித்துவிட்டானோ என்று தவித்திருக்கிறாள். அவள் இறந்துவிட்டாளா, இந்தக் குளிரில் மண்ணுக்குள் தனியாகக் கிடக்கிறாளா என்று குறிப்பில் எழுதி வைத்திருக்கிறாள். இருவருமாகச் சேர்ந்து உண்டாக்கிய பெண், ஒருவன் பேனாவில் அவள் உயிர். உன் காவல்காரப் பையனை எழுதும்போது இந்தத் தவிப்பு உனக்கு வந்திருக்க வேண்டும், பாப்பா. அண்ணன் தங்கை சண்டையில் செத்தவன் அவன்.

1837-இல் கவிஞர் ராபர்ட் சதி, பகற்கனவு மனத்தைக் கெடுக்கும் என்று சார்லட்டுக்கு எழுதினார். இலக்கியம் பெண்ணின் வாழ்க்கைத் தொழிலாக முடியாது என்றும் அதே கடிதத்தில் எழுதினார். அது அநியாயம், அதை நான் ஏற்கவே மாட்டேன். ஆனால் 1839 வாக்கில் சார்லட் தானாகவே அங்க்ரியாவிடம் விடைபெற்று ஒரு குறிப்பு எழுதினாள். இத்தனை காலம் தங்கிய அந்தக் கொதிக்கும் தேசத்தை விட்டுக் கொஞ்ச காலம் விலகியிருக்க ஆசை என்று. ப்ரான்வெல் விடைபெறவில்லை. அங்க்ரியாவில் தான் படைத்த துஷ்டப் பிரபுவின் பட்டமான நார்தாங்கர்லாந்து என்ற பெயரிலேயே பத்திரிகையில் கவிதை வெளியிட்டான். குடியும் அபினும் உடம்பை அரிக்க, 1848-இல் 31 வயதில் இறந்தான். அங்க்ரியாதான் அவனைக் கொன்றது என்று சொல்ல மாட்டேன், அது அவனுக்கும் அங்க்ரியாவுக்கும் செய்கிற அநியாயம்.

ஏனென்றால் எமிலியும் விடைபெறவில்லை. 1845-இல் ஆனும் அவளும் யார்க் நகரத்துக்குப் போனபோது, வழியெல்லாம் கோண்டல் மனிதர்களாகவே பேசி விளையாடியிருக்கிறார்கள். எமிலிக்கு அப்போது 27 வயது ஆகப்போகிறது. அவள் சந்தோஷமாகத்தான் எழுதி வைத்திருக்கிறாள். இரண்டு வருடத்தில் அவள் எழுதிய ‘வதரிங் ஹைட்ஸ்’ நாவல் வந்தது. அதனால் கற்பனை உலகத்தின் கதவைச் சாத்திவிடு என்று உனக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அர்ஜென்டினா எழுத்தாளர் போர்ஹெஸ் எழுதிய ட்லோன் கதை உனக்குத் தெரிந்திருக்கும். 1940-இல் புவெனஸ் அயர்ஸ் பத்திரிகையில் வந்த கதைக்கு 1947 என்று தேதியிட்ட பின்குறிப்பு போட்டிருந்தார். ஒரு ரகசியக் கூட்டம் கற்பனையாக உண்டாக்கிய கிரகத்திலிருந்து ஒரு திசைகாட்டி வருகிறது, பிறகு தூக்கவே சிரமப்படும் அளவுக்குக் கனமுள்ள ஒரு சின்ன உலோகக் கூம்பு. பூதம் கிடையாது, ரத்தம் கிடையாது. உலகம் தன் மொழிகளையும் சரித்திரத்தையும் தானாகவே விட்டுக்கொடுத்து ட்லோனாகிறது. உன் தெருப்பலகை இந்தக் கூம்புக்குச் சமமான கண்டுபிடிப்பு. அதை வைத்துக்கொண்டு எலும்பு தின்னிகளை நம்பாதே.

எட்டாவது அத்தியாயத்தை எடுத்துவிடலாம். கீழூரை எரித்துவிட்டு அவள் நிம்மதியாகத் தூங்குவதுபோல் முடித்திருக்கிறாய், அதை நான் நம்பவில்லை. அங்கே குடும்பங்கள் இருக்கிறார்களே. பையனை அவள் வீட்டுக்குள் கூப்பிடட்டும், சாப்பாடு போடட்டும், அவன் அம்மாவைப் பற்றி அவன் சொல்லட்டும். அவள் எழுதாத அந்த அம்மா ஒருநாள் மகனைத் தேடிக்கொண்டு தெருவில் வந்து நிற்கட்டும். அப்போது உன் கதாநாயகி என்ன செய்வாள் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹாவொர்த்துக்குப் போய்விட்டு வா. லீட்ஸிலிருந்து கீத்லி வரை ரயில், அங்கிருந்து பஸ். அந்த வீடு இப்போது அருங்காட்சியகம். பிள்ளைகள் கையால் தைத்து, அச்சு மாதிரி எழுத்தில் எழுதிய குட்டிப் புத்தகங்கள் தீப்பெட்டி அளவில் அங்கே இருக்கின்றன. சார்லட் 14 வயதில் செய்த ஒன்றை 2019-இல் பாரிஸ் ஏலத்தில் ஆறு லட்சம் யூரோ கொடுத்து மீட்டு வந்தார்கள்.

நாவலை அண்ணனுக்கு இன்னும் அனுப்பவில்லை என்று அப்பா சொன்னார். முதலில் அவனுக்கு அனுப்பு. கீழூர் வரைபடத்தில் ஆறும் கோட்டையும் அவன் வரைந்தவை, அந்தப் பையனைப் பற்றி அவனுக்கும் ஏதாவது சொல்ல இருக்கும்.

அன்புடன்,
அம்மா