கை டாக் ஓடுபாதையிலிருந்து

அன்பிற்குரிய நண்பருக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் மகள் வழியாக இங்கே வந்து சேர்ந்தது. பேரனுக்குக் காது குத்திய செய்தியையும், தங்கள் முழங்கால் வலி சற்றுத் தணிந்திருப்பதையும் அறிந்து மகிழ்ந்தேன். நான் ஹாங்காங்கிற்கு வந்து ஐந்து வாரம் ஆகிறது. மாலைதோறும் நடக்கச் செல்லும் இடம், விமானி அறையில் அமர்ந்து இயந்திரங்களைக் கவனிக்கும் ஃபிளைட் இன்ஜினியராக நான் பலமுறை வந்திறங்கிய பழைய கை டாக் விமான நிலையத்தின் ஓடுபாதைதான். 1998இல் அந்நிலையத்தை மூடிவிட்டார்கள். கடலுக்குள் நீண்டிருந்த பாதையின் நுனியில் இப்போது சுற்றுலாக் கப்பல்கள் வந்து நிற்கின்றன.

பகற்பொழுதைப் போக்க, இந்த ஊர் பிரிட்டிஷ் காலனியாக இருந்த காலத்து அரசு விதிகளைப் படித்துக்கொண்டிருக்கிறேன். அவற்றுள் விமானப் பணியாளரின் உடல்தகுதி பற்றிய விதி என் பிழைப்பைச் சார்ந்தது; காவலர் பதக்க விதி தங்கள் பிழைப்பைச் சார்ந்தது. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தபோது எழுந்த எண்ணத்தைத் தங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

கடல்கடந்த ஆட்சிப் பகுதிகளுக்காக லண்டனில் 1977இல் பிறப்பிக்கப்பட்ட விமானப் போக்குவரத்து ஆணை, மருத்துவச் சான்று கையில் இருந்தாலும், தன் உடலோ மனமோ பணிக்கு ஏற்ற நிலையில் இல்லை என்று தெரிந்தாலும், ஏன், ஐயுற்றாலுமே, ஒருவர் விமானத்தில் பணி செய்யக் கூடாது என்கிறது. வேலைக்கு ஆகாத அளவுக்குக் காயம்பட்டால் உடனேயும், நோயில் ஏறத்தாழ மூன்று வாரம் கிடந்தால் அக்காலம் முடிந்ததும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அத்துடன் உரிமம் நிறுத்திவைக்கப்படும். மருத்துவர் ஆண்டுக்கு ஓரிரு முறைதான் பார்ப்பார். மற்ற நாள்களில் தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல வேண்டியவர் அந்தப் பணியாளர்தான்.

அழகான விதிதான். ஆனால் தரையில் நிற்கும் நாள்களுக்குப் பறப்பதற்கான படித்தொகை கிடையாது என்பதும், மெடிக்கலில் ஒருமுறை தவறினால் கடனுக்கு வாங்கிய வீடு என்னாகும் என்பதும் அதில் எழுதப்பட்டிருக்காது. தங்களிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். கடுமையான சளியும் காதடைப்பும் இருந்த ஒரு நாள், மூக்கில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு, எவரிடமும் மூச்சு விடாமல் இதே கை டாக்கிற்குப் பறந்து வந்தேன். இறங்கும்போது காதுக்குள் ஆணி அறைந்தது போன்ற வலியில், எதிரேயிருந்த அளவுமானிகளைப் படிக்க முடியவில்லை. அன்று விபரீதம் எதுவும் நேரவில்லை என்பது என் சாமர்த்தியம் அன்று.

இனித் தங்கள் துறைக்கு வருகிறேன். மன்னர் ஏழாம் எட்வர்ட் 1909இல் ஏற்படுத்திய காவல் பதக்கத்திற்கு ஆண்டுக்கு 120 என்று வரம்பு இருந்தது: பிரிட்டனுக்கு 40, இந்தியாவுக்கு 50, பேரரசின் பிற பகுதிகளுக்கு 30. துணிவுக்கும் கோட்டா! காலனிக் காவலருக்கென்று 1934இல் வந்த நீண்டபணிப் பதக்கமோ 18 ஆண்டு நன்னடத்தையைக் கேட்டது. 25ஆம் ஆண்டிலும் 30ஆம் ஆண்டிலும் நாடாவில் ஒவ்வொரு பட்டை சேரும். சுதந்திரத்திற்குப் பிறகு 1951இல் நாம் ஏற்படுத்திய குடியரசுத் தலைவர் காவல் பதக்கத்தின் வீரச்செயல் விதியில் ஒரு தொடர் வருகிறது: ஏற்ற ஆபத்தை, அந்த அதிகாரியின் கடமையைக் கருத்தில் கொண்டே மதிப்பிட வேண்டும். அதாவது, திருடனைத் துரத்தி ஓடுவது காவலரின் வேலை. அதற்குப் பதக்கம் இல்லை. எந்த அடியிலிருந்து கடமை முடிந்து வீரம் தொடங்குகிறது என்று மேசைக்குப் பின்னால் இருப்பவர் எப்படி அளப்பார்? இதற்குத் தாங்கள்தான் விடை எழுத வேண்டும்.

காவலர் தம்மைப் பற்றித் தாமே சொல்ல அந்த விதிகளில் இடமே இல்லை. மேலதிகாரி பரிந்துரைக்கிறார், பதிவேடு ஆமோதிக்கிறது. 3(பி) குற்றச்சாட்டு, அதாவது பெருந்தண்டனைக்குரிய துறைக் குற்றச்சாட்டு, இல்லாத பதிவேடு என்பதற்காகவே ஒருவரை நல்லவர் என்று ஒப்புக்கொள்ள முடியாது என்று தாங்களே சொல்லியிருக்கிறீர்கள். இதே ஊரில் பீட்டர் காட்பர் என்ற தலைமைக் கண்காணிப்பாளர் 1952இல் காவல்துறையில் சேர்ந்தவர். ஆண்டுக் கணக்கை மட்டும் பார்த்தால் 18ஐயும் தாண்டியவர். 43 லட்சம் ஹாங்காங் டாலருக்கு மேல் அவரிடம் சேர்ந்திருப்பது விசாரணையில் வெளிப்பட்டதும், 1973 ஜூனில், காவல்துறை தந்த விமான நிலைய அனுமதிச் சீட்டைக் காட்டியே குடியேற்றச் சோதனையைக் கடந்து, கை டாக்கில் விமானம் ஏறித் தப்பிவிட்டார். மக்கள் கொதித்தெழுந்தார்கள், 1974இல் தனி ஊழல் ஒழிப்பு ஆணையம் பிறந்தது. மறு ஆண்டு அவரைப் பிடித்துக் கொண்டுவந்து நான்காண்டு சிறையில் தள்ளினார்கள்.

அதே நிலையத்தில், என்னைப் போன்றவன் சளியை மறைத்தாலும் சட்டப்படி குற்றவாளி. அவரோ சட்டைப்பையில் சீட்டுடன் நடந்து போனார். விமானப் பணியாளரிடம் கேட்கும் அந்தச் சொந்த வாக்குமூலத்தைப் பதக்கத்திற்குப் பரிந்துரைக்கப்படும் காவலரிடமும், முக்கியமாகப் பரிந்துரைக்கும் அதிகாரியிடமும் கேட்டிருக்கலாம் என்று தோன்றுகிறது. என் காது விவகாரத்தை நினைத்தால், கேட்டாலும் உண்மை வந்திருக்குமா என்ற ஐயமும் உடனே எழுகிறது.

தங்கள் பதக்கத்திற்கான பரிந்துரைக் கடிதத்தின் நகல் பெட்டியில் எங்கோ இருப்பதாக முன்பு சொன்னீர்கள். பங்குனியில் ஊர் திரும்பியதும் வருகிறேன். அதைத் தேடி எடுத்து வையுங்கள். அதில் தங்களைப் பற்றி எழுதியிருப்பதில் எவ்வளவு உண்மை என்று தங்கள் வாயாலேயே கேட்க ஆசை. அண்ணியாருக்கு என் வணக்கம்.

தங்கள் அன்புள்ள,
பழைய அறைத்தோழன்