பத்து மணிக்கு நான் அழுத்திய பட்டன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நேற்று ராத்திரி நீ போனில் அழுதாய். நான் "சரியாயிடும்டா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அப்புறம் தூக்கமே வரவில்லை. போனில் பேச ஆரம்பித்தால் பாதியில் நீ ஆங்கிலத்துக்குப் போய்விடுவாய், நானும் உன் பின்னாலேயே வந்துவிடுவேன். இதைத் தமிழில்தான் என்னால் முழுசாகச் சொல்ல முடியும். சனிக்கிழமைதோறும் தமிழ்ப் பள்ளிக்கு உன்னை இழுத்துக்கொண்டு போனது இன்றைக்கு எனக்கே உதவுகிறது. மெதுவாகப் படி.

நாடு முழுக்க ஓடுகிற நிகழ்ச்சிகளைத் தந்துகொண்டிருந்த நெட்வொர்க் உன் டிவி ஸ்டேஷனை விட்டுப் போகிறது, ஆட்களை வேலையை விட்டு அனுப்புகிறார்கள் என்றாய். அது பெரிய விஷயம்தான். ஆனால் நீ அழுதது அதற்காக இல்லை. "நியூஸ் டெஸ்க்ல இருந்த அந்த அம்மா பெட்டியைத் தூக்கிக்கிட்டு என் பக்கமா நடந்து போனாங்கப்பா. நான் மானிட்டரைப் பார்க்கிற மாதிரி உட்கார்ந்துட்டேன்" என்று சொன்னபோதுதான் உன் குரல் உடைந்தது. அவர்கள்தானே உனக்கு வேலை கற்றுக்கொடுத்தது?

நானும் அப்படி உட்கார்ந்தவன்தான். உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

1994 கடைசி. நாம் இருந்த அந்தக் குளிர் ஊரில், ஃபாக்ஸ் நெட்வொர்க்கின் நிகழ்ச்சிகளைப் போட்டுக்கொண்டிருந்த சின்ன ஸ்டேஷனில் எனக்கு டேப் எடிட்டர் வேலை. பெரிய எண் சேனல். பழைய டிவியில் இரண்டாவது திருகைத் திருகி, வளையம் மாதிரி இருக்கிற ஆன்டெனாவை இப்படியும் அப்படியும் ஆட்டினால்தான் படம் நிற்கும். ஆனாலும் ராத்திரி பத்து மணிக்கு எங்களுக்கு ஒரு செய்தி இருந்தது. மற்ற மூன்று சேனலும் பதினொரு மணிக்குத்தான் செய்தி போடும். காலையில் ஷிப்டுக்குப் போகிறவர்கள், சீக்கிரம் படுக்கிற வயசானவர்கள் எல்லாரும் எங்களைத்தான் பார்ப்பார்கள். இருபத்து நாலு பேர் சேர்ந்து அதை நடத்தினோம். முக்கால் அங்குல டேப் கேசட் ஒன்று கையில் எவ்வளவு கனக்கும் என்று உனக்குத் தெரியாது. ஒன்பது ஐம்பத்தைந்துக்கு அப்படி மூன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடைபாதையில் ஓடியிருக்கிறேன்.

அந்த வருஷம் அமெரிக்கா முழுக்க நெட்வொர்க்குகள் சேனல் விட்டுச் சேனல் மாறின. ஏன் என்று அப்போது எங்களுக்கு விளங்கவில்லை, பிறகு படித்துத் தெரிந்துகொண்டதுதான். எல்லாம் அமெரிக்க ஃபுட்பாலில் ஆரம்பித்தது. 1956 முதல் அந்த ஆட்டங்களைக் காட்டி வந்தது சிபிஎஸ் நெட்வொர்க். 1993 டிசம்பரில் ஃபாக்ஸ், லீகின் ஒரு பாதி ஆட்டங்களுக்கு நாலு வருஷத்துக்கு 158 கோடி டாலர் கொடுத்து அதைத் தட்டிக்கொண்டு போனது. ஆட்டம் கையில் வந்தாலும், அதைக் காட்ட நல்ல சேனல்கள் வேண்டுமே. 1994 மே மாதம் நியூ வேர்ல்டு என்ற கம்பெனியில் 50 கோடி டாலரைப் போட்டு, அதன் கையில் இருந்த, அது வாங்கவிருந்த 12 ஸ்டேஷன்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. இடம் போன சிபிஎஸ் ஊர் ஊராக வாடகை வீடு தேடுகிற மாதிரி அலைந்தது. டெட்ராய்ட்டில் 2ஆம் சேனலில் இருந்து 62க்குப் போனது. அட்லாண்டாவில் 5இல் இருந்து 46க்கு, மில்வாக்கியில் 6இல் இருந்து 58க்கு. மூன்று ஊரிலும் ஒரே நாள், 1994 டிசம்பர் 11.

டெட்ராய்ட் கதை எனக்கு இன்னும் ஆறவில்லை. அந்த 62ஆம் சேனல் 1975இல் கறுப்பின மக்கள் சொந்தமாக ஆரம்பித்தது. தீவுகளை விட்டுவிட்டால், இந்த நாட்டில் அவர்களுக்குச் சொந்தமான முதல் டிவி ஸ்டேஷன் அதுதான். சிபிஎஸ் அதை 2.4 கோடி டாலருக்கு வாங்கியது. வாங்கியவர்கள் அந்த ஊரில் சொந்தமாக ஒரு முழு செய்தி அறையைத் திறந்தது எப்போது தெரியுமா? 2023 ஜனவரியில். இத்தனை பெரிய ஊரில் ஒரு குழந்தை பிறந்து, வளர்ந்து, அதற்கே குழந்தை பிறக்கிற காலம்.

சரி, நம்ம கதைக்கு வருகிறேன். ஊரின் பெரிய ஸ்டேஷனுக்கு ஃபாக்ஸ் போய்விட்டது. எங்கள் ஆட்களைக் கூப்பிட்டு, பத்து மணிச் செய்தி இந்த வெள்ளிக்கிழமையோடு நிற்கிறது என்றார்கள். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. என்னை மட்டும் வைத்துக்கொண்டார்கள். பழைய டேப் மெஷின்கள் மக்கர் செய்தால் சரிபண்ணத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஒளிபரப்பை ஓடவிடுகிற மாஸ்டர் கன்ட்ரோல் அறைக்கு மாற்றினார்கள்.

எங்கள் டெஸ்க்கில் ஒரு பெரியவர் இருந்தார். அறுபது வயசு இருக்கும். மேஜையில் போலீஸ், தீயணைப்புப் பேச்சைப் பிடிக்கிற ஸ்கேனர் ரேடியோ ஐந்து ஒரே நேரத்தில் இரைந்துகொண்டிருக்கும். நமக்கு வெறும் கரகரப்பு. அவர் சாண்ட்விச்சைக் கடித்துக்கொண்டே "அது கிழக்குப் பக்கத்துத் தீயணைப்பு வண்டி, குரலைப் பார்த்தால் பெரிய நெருப்பு, கேமராவை அனுப்பு" என்பார். ஒரு நாளும் தப்பியதில்லை. அவர் பக்கத்தில் போன் நம்பர் அட்டைகள் செருகிய சுழல் பெட்டி ஒன்று இருக்கும். ஷெரீஃப் ஆபீஸ் கிளார்க், சவ அடக்க நிலையத்துக்காரர், பள்ளி பஸ் டிப்போ என்று ஊரே அதற்குள் இருந்தது. கடைசி நாள் அதை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போனார். திங்கட்கிழமை அது குப்பைத் தொட்டியில் கிடந்தது. மேலாக இருந்த ஓர் அட்டையை மட்டும் எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். பனி அள்ளும் வண்டிகள் நிற்கிற கொட்டகையின் இரவுக் காவலர் நம்பர். ஓரத்தில் பென்சிலில் எழுதியிருந்தார்: "காபி வாங்கிப் போ. சர்க்கரை போடாதே."

அவர் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனபோது நான் எடிட் அறையில் இருந்தேன். கதவு திறந்துதான் இருந்தது. என் கையில் ஒரு டேப். மெஷினில் போட வேண்டிய அவசியமே இல்லை, போட்டேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். அதில் சத்தமே வரவில்லை, பாப்பா. அப்படியே குனிந்து உட்கார்ந்திருந்தேன்.

பயம்தான். நீ அப்போது அம்மா வயிற்றில் ஏழு மாதம். என் விசா, உன் பிரசவச் செலவு, இன்ஷூரன்ஸ் எல்லாம் அந்த ஒரு வேலையில் தொங்கிக்கொண்டிருந்தது. போனவர்களோடு நின்று பேசினால் என்னையும் சேர்த்து எண்ணிவிடுவார்களோ என்று நினைத்தேன். அப்படி யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள் என்று இப்போது தெரிகிறது.

அடுத்த திங்கட்கிழமை ராத்திரி பத்து மணிக்குச் செய்தி வருகிற இடத்தில் ஏதோ பழைய காமெடி சீரியலைப் போடச் சொல்லி ஒளிபரப்புப் பட்டியலில் எழுதியிருந்தது. அந்த டேப்பை ஓடவிட்ட பட்டனை அழுத்தியது நான்தான். ஐந்து நிமிஷத்தில் போன் அடித்தது. ஒரு பாட்டி. "நாளைக்குப் பனி விழுமா? காலையில் டயாலிசிஸுக்குப் போகணும்" என்று கேட்டார். செய்தி இனிமேல் வராது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அட்டையில் இருந்த நம்பருக்குக் கூப்பிட்டேன். காவலர் எடுத்தார். மூன்று மணிக்கு மேல் வண்டிகளை எடுக்கிறோம், ஏழு மணிக்குள் பெரிய ரோடு சுத்தமாகிவிடும் என்றார். திரும்பப் பாட்டியைக் கூப்பிட்டுச் சொன்னேன். அந்த வாரம் முழுக்க தினமும் யாராவது கூப்பிட்டார்கள். அப்புறம் நின்றுவிட்டது.

இரண்டு வருஷம் கழித்து மளிகைக்கடை பார்க்கிங்கில் அந்தப் பெரியவரைப் பார்த்தேன். நீ வண்டியில் உட்கார்ந்திருந்தாய். உன் கன்னத்தைத் தொட்டுச் சிரித்தார். உடம்பு இளைத்திருந்தது. கூப்பிடணும் கூப்பிடணும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன் என்றேன். அவர் கோபப்படவில்லை. "உங்க எல்லார்கிட்டேயும் என் நம்பர் இருந்துதே" என்றார். அவ்வளவுதான். ஊருக்கே நம்பர் வைத்திருந்த மனுஷர்.

உன் ஸ்டேஷன் என்ன ஆகும் என்று கேட்டாய். நான் ஜோசியம் சொல்ல மாட்டேன், பார்த்ததைச் சொல்கிறேன். என் காலத்தில் நெட்வொர்க்தான் ஸ்டேஷனுக்குப் பணம் கொடுக்கும். இன்றைக்கு ஸ்டேஷன் நெட்வொர்க்குக்குக் கொடுக்கிறது. கேபிள்காரர்களிடம் வாங்கி, அதில் பெரும்பங்கை மேலே அனுப்புகிறது. வீட்டுக்கு வீடு கேபிள் இணைப்பை நிறுத்த நிறுத்த, கொடுக்கல் வாங்கல் கணக்கு உதைக்கிறது. 2025 ஆகஸ்டில் மயாமியில் 10ஆம் சேனல் ஏபிசி நெட்வொர்க்கோடு இருந்த ஏறக்குறைய எழுபது வருஷ உறவை முடித்துக்கொண்டது. அதே மாதம் அட்லாண்டாவில் சிபிஎஸ் 46ஐ விட்டு 69க்குப் போனது. 1994இல் வேறு வழியில்லாவிட்டால் வாங்கிக்கொள்ளலாம் என்று சிபிஎஸ் பேசி வைத்திருந்தது அதே 69ஆம் சேனலைத்தான்!

நெட்வொர்க் இல்லாமல் செய்தியை வைத்தே பிழைக்க முடியுமா என்றால், முடிந்திருக்கிறது. 2002இல் இரண்டு ஸ்டேஷன்கள் அந்த நிலைக்கு வந்தன. ஜாக்சன்வில் 4ஆம் சேனல் சிபிஎஸ்ஸை விட்டு, காலியான நேரத்தை உள்ளூர்ச் செய்தியால் நிரப்பி இன்றுவரை நிற்கிறது. சான் ஃபிரான்சிஸ்கோ 4ஆம் சேனலும் என்பிசி நெட்வொர்க் போனதும் செய்தியைத்தான் கூட்டியது. ஆனால் அதை வாங்கிய கம்பெனி 80 கோடி டாலருக்கு மேல் கொட்டியிருந்தது, 2009இல் திவால் மனு போட்டது. இரண்டு இடத்திலும் ஆட்கள் ஒரே மாதிரி உழைத்திருப்பார்கள். ஒன்றின் தலையில் கடன் இருந்தது. அதனால் உங்கள் முதலாளிக்கு எவ்வளவு கடன் என்று விசாரி. பொதுப் பங்குக் கம்பெனி என்றால் அவர்கள் அறிக்கையிலேயே இருக்கும். செய்தி நேரத்தைக் கூட்டப்போகிறோம் என்று மீட்டிங்கில் சொன்னால், எத்தனை ஆட்களை வைத்து என்று கேள். ஆறு மணி நேரத்தைப் பழைய ஆட்களில் பாதியை வைத்து நிரப்புவது என்றால் உன் உடம்புதான் போகும்.

எந்தக் காகிதத்திலும் அன்றைக்கே கையெழுத்துப் போடாதே. வேறு சேனலுக்குப் போகக் கூடாது என்ற ஷரத்து உன் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று ஒரு வக்கீலிடம் காட்டு, ஃபீஸ் நான் தருகிறேன். வேலை போனாலும் கோப்ரா என்ற சட்டப்படி 18 மாதம் வரை அதே இன்ஷூரன்ஸைத் தொடரலாம். பிரீமியம் முழுசும் நாம்தான் கட்டணும், கட்டிக்கொள்ளலாம். உன் அறை அப்படியேதான் இருக்கிறது. என் மாதிரி நீ பயப்படத் தேவையில்லை, உனக்குப் பின்னால் நாங்கள் இரண்டு பேர் இருக்கிறோம்.

அதனால்தான் கேட்கிறேன். இன்றைக்கு ஷிப்டுக்குப் போவதற்கு முன்னால் அந்த அம்மாவைக் கூப்பிடு. மெசேஜ் வேண்டாம், கூப்பிடு. என்ன பேசுவது என்றாயே. "அன்னைக்கு உங்களைப் பார்க்காத மாதிரி இருந்துட்டேன், என்னை மன்னிச்சிடுங்க" என்று சொல். அதற்கப்புறம் அவர்களே பேசுவார்கள். சாப்பிட்டீர்களா என்று கேள். உங்கள் டெஸ்க் எண்களெல்லாம் இப்போது எதில் இருக்கிறதோ, அதையும் அவர்களிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்.

பார்சலில் அம்மா நார்த்தங்காய் ஊறுகாயும் பருப்புப் பொடியும் வைத்திருக்கிறாள். ஊறுகாய் பாட்டிலைச் சுற்றி இருக்கிற துணியைப் பிரிக்கும்போது பார்த்துப் பிரி. அந்தப் பழைய அட்டையை அதற்குள்தான் வைத்திருக்கிறேன்.

பேசிவிட்டு எனக்கு ஒரு வார்த்தை சொல். எத்தனை மணியானாலும் விழித்திருப்பேன்.

அப்பா