பொன்னாடை வேண்டாம், வெங்கடேசா

ஹெர்னிங், டென்மார்க்
ஆகஸ்ட் 10

அன்புள்ள வெங்கடேசா,

செப்டம்பர் முதல் வாரம் வருவதாக எழுதியிருக்கிறாய். ஆடை வாங்கும் கம்பெனிக்காரரிடம், அதான் பையரிடம், அப்படிச் சொல்லாதே, வருடத்தின் 36ஆம் வாரம் என்று சொல். இங்கே பள்ளி விடுமுறை, டெலிவரி, பல் மருத்துவரின் நேரம் எல்லாமே வார எண்ணில்தான். 28ஆம் வாரம் முதல் 30ஆம் வாரம் வரை, அதாவது ஜூலையில், பாதி நாடு விடுமுறையில் போய்விடும். நீ அப்போது அனுப்பிய மூன்று மின்னஞ்சல்களுக்கும் பதில் இல்லை என்று புலம்பியிருந்தாயே, அவருக்கு உன்மேல் ஒரு வருத்தமும் இல்லை. கடற்கரையில் இருந்திருப்பார்.

பொன்னாடையும் வெள்ளிக் குத்துவிளக்கும் கொண்டுவரலாமா என்று கேட்டாய். வேண்டவே வேண்டாம். மனிதர் கூச்சத்தில் நெளிவார். தன்னைப் பெரிய ஆளாக நினைப்பதும், அடுத்தவரைத் தூக்கி வைப்பதும் இவர்களுக்கு ஒவ்வாது. 'நீ ஒன்றும் எங்களைவிட உயர்ந்தவன் இல்லை' என்கிற இந்த மனப்பான்மைக்கு யான்டே சட்டம் என்று பேர். 1933இல் அக்செல் சாண்டமோசே என்ற எழுத்தாளர் ஒரு நாவலில் கிண்டலாகப் பத்துக் கட்டளைகளாக எழுதி வைத்தது. கிண்டலே பெயராக நிலைத்துவிட்டது. அதனால் உன் கம்பெனி வாங்கிய விருதுகளின் ஆல்பமும் வீட்டிலேயே இருக்கட்டும். 'சார்' வேண்டாம், முதல் பெயர் போதும். நான் வந்த புதிதில் என் மேலாளர் அறைக்குள் வந்ததும் எழுந்து நின்றேன். அந்த அம்மாள், நான் எங்கோ கிளம்புகிறேன் என்று நினைத்து வழி விட்டார்!

இதையெல்லாம் நீ இரண்டு நாளில் பழகிவிடுவாய். எனக்குக் கவலை வேறு விஷயத்தில்.

2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதை நீ மறந்திருக்க மாட்டாய். அப்போது நான் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருந்த பனியன் கம்பெனியில் ஒரு டேனிஷ் ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. துணியைச் சாயத்துக்கு அனுப்ப வழியில்லை. ஆனாலும் வாரா வாரம் 'ஆன் டைம்' என்று பதில் போட்டேன். முதலாளி போடச் சொன்னார், நானும் போட்டேன். வெளியூரில் எப்படியாவது முடித்துவிடலாம் என்ற நப்பாசை. ஐந்து வாரம் தள்ளிப்போனது, ஆர்டரும் கையைவிட்டுப் போனது. பையர் எழுதிய கடைசி மின்னஞ்சலில் ஒரு வசவுகூட இல்லை. பட்டறை மூடியதற்கு நீங்கள் பொறுப்பில்லை, முதல் வாரமே சொல்லியிருந்தால் கடைகளிடம் பேசித் தேதியை மாற்றியிருப்பேன், அவ்வளவுதான். இங்கே வந்து வாங்குபவரின் நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் அது எனக்கு உறைத்தது.

ஆகவே, முடியாததை முடியாது என்று மேசையிலேயே சொல்லிவிடு. நம் ஊரில் 'பார்க்கலாம்' என்றால் இல்லை என்று பொருள். இங்கே அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு, கூட்டக் குறிப்பில் உன் பெயரையும் வார எண்ணையும் சேர்த்து எழுதிவிடுவார்கள். பேரத்துக்கென்று விலையில் பத்து சதவீதம் ஏற்றி வைக்காதே, அதைக் கண்டுபிடித்தால் அடுத்த விலையையும் நம்ப மாட்டார்கள். உன் சாம்பிளின் கழுத்துத் தையல் சரியில்லை என்று முகத்துக்கு நேரே சொல்வார்கள். குறை தையலில்தான், உன்னிடம் இல்லை. 'அவ்வளவு மோசமில்லை' என்றால் மனதுக்குள் குதித்துக்கொள். ஜட்லாந்துக்காரர்கள், அதாவது ஹெர்னிங் இருக்கும் இந்தத் தீபகற்பத்துக்காரர்கள், வாயிலிருந்து அதற்குமேல் புகழ்ச்சி வந்து நான் கேட்டதில்லை.

ஒன்பது மணி என்றால் ஐந்து நிமிடம் முன்பே வாசலில் இரு. உன்னைப் பற்றி எனக்குத் தெரியும், அதனால்தான் சொல்கிறேன். பதினொன்றரை மணிக்கே சாப்பாடு வந்துவிடும். ரை என்ற தானியத்தில் செய்த, கம்புரொட்டிபோல் கறுத்த ரொட்டி, மேலே மீனோ முட்டையோ. முதலாளியும் தன் தட்டைத் தானே எடுத்து வைப்பார், நீயும் எடுத்து வை. வேலை வாரம் 37 மணி நேரம். நான்கு மணிக்குக் குழந்தையை அழைத்துவரப் போக வேண்டும் என்று ஒருவர் எழுந்தால், பேச்சில் சலித்துவிட்டார் என்று எண்ணாதே.

வீட்டுக்கு அழைத்தால் அது பெரிய விஷயம். செருப்பைக் கழற்றிவிட்டுப் போ, இது ஒன்று நம் வழக்கம்போலவே. பூங்கொத்து போதும். 'ஸ்கோல்' என்று கோப்பையை உயர்த்தும்போது ஒவ்வொருவர் கண்ணையும் பார்க்க வேண்டும், பழச்சாறாக இருந்தாலும் சரி. அடுத்த முறை சந்திக்கும்போது 'தக் ஃபோர் சிஸ்ட்', சென்ற முறைக்கு நன்றி என்று சொல். எனக்கு இவர்களிடம் மிகவும் பிடித்த வழக்கம் இதுதான்.

இந்த ஊரும் உனக்கு அந்நியமாகத் தோன்றாது. ஹெர்னிங்கைச் சுற்றி முன்பு புதர் மண்டிய மணல் தரிசு. விவசாயம் சோறு போடாததால் வீட்டுக்கு வீடு கம்பளிக் காலுறை பின்னினார்கள், ஊர் ஊராகச் சுமந்து விற்றார்கள். நெசவும் பனியனும் அப்படித்தான் இங்கே வேர்விட்டன. மானாவாரிக் காட்டை விட்டுவிட்டுத் தறிக்குப் போன உன் தாத்தாவின் கதைதான்.

பில்லுண்ட் விமான நிலையத்தில் காத்திருப்பேன், அங்கிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் வீடு. நெய், பால் இனிப்பு எதுவும் எடுத்து வராதே, சுங்கத்தில் பிடுங்கிக்கொள்வார்கள். அம்மா கையால் அரைத்த பருப்புப் பொடி இருந்தால் அரைக் கிலோ போதும்.

அன்புடன்,
சண்முகம்