ஐதம் மோட்டைக் காப்பாற்றியவர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். இங்கிலாந்தின் பழைய மேனர் வீடுகள், அதாவது நிலக்கிழார்களின் பெரிய வீடுகள் பற்றிய உங்கள் பயணக் கட்டுரையைப் படித்தேன். கென்ட் பகுதியின் ஐதம் மோட்டுக்கு அதில் இரண்டே வரிதான். அதிலும் 'அகழி சூழ்ந்த கோட்டை' என்று போட்டிருக்கிறீர்கள். அகழி இருக்கிறது, சரி. ஆனால் அது கோட்டை இல்லை. குடும்பங்கள் பிள்ளை குட்டிகளோடு வாழ்ந்த வீடு.

அங்கிருந்து அரை மணி நேரத் தொலைவில் நான் குடியிருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் அங்கே கூட்டிப்போவேன். நடுவில் முற்றம், சுற்றிலும் எழுபதுக்கும் மேற்பட்ட அறைகள். 1320களில் கட்டத் தொடங்கிய வீடு. பிறகு வந்தவர்கள் அவரவர் வசதிக்கு ஏற்பச் சேர்த்துக்கொண்டே போயிருக்கிறார்கள். 1521இல் வாங்கிய ரிச்சர்டு கிளெமென்ட் காலத்து ஓவியக் கூரை சிற்றாலயத்தில் இன்னும் இருக்கிறது. எட்டாம் ஹென்றி, அரசி கேத்தரின் இருவரின் சின்னங்களும் அதில் உண்டு. அந்தத் திருமணம் 1533இல் முறிந்தும் சின்னங்களை யாரும் அழிக்கவில்லை. அண்ணாந்து பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது ஆச்சரியம்தான்.

1591 முதல் ஏறக்குறைய முந்நூறு வருடம் செல்பி குடும்பம் இருந்தது. 1889இல் தாமஸ் கோல்யர்-ஃபெர்குசன் வாங்கினார். வாரத்தில் ஒரு பிற்பகல் பொதுமக்களுக்குக் கதவைத் திறந்துவிட்டவர் அவர். அவருடைய மகன் ரிவர்ஸ்டேல் 1917இல் பெல்ஜியப் போர்முனையில் 21 வயதில் இறந்தார். பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் பெற்றவர்.

உங்கள் கட்டுரை விட்டுவிட்ட பகுதி இதற்குப் பிறகுதான் வருகிறது. 1951இல் தாமஸ் இறந்ததும் வாரிசால் வீட்டைத் தாங்க முடியவில்லை. சாமான்கள் ஏலம் போயின. கூரையில் வேய்ந்த ஈயத் தகட்டுக்காக வீட்டையே இடித்துவிடலாம் என்றுகூடப் பேச்சு எழுந்தது. உள்ளூர்க்காரர்கள் மூன்று பேர் சேர்ந்து வாங்கி இடிபடாமல் காத்தார்கள். அப்புறம் 1953இல் அமெரிக்கர் சார்லஸ் ஹென்றி ராபின்சன் வந்தார். இளைஞனாகச் சைக்கிளில் சுற்றியபோது பார்த்து மனதில் வைத்திருந்த வீடாம் அது. வாங்குவதாகச் சொல்லிவிட்டுக் கப்பலில் ஊர் திரும்பும்போது தயங்கி, 'வேண்டாம்' என்று கடிதமும் எழுதிவிட்டார். கப்பலில் அதை அனுப்ப வழியில்லாமல் போனது, கரை சேர்வதற்குள் மனம் மாறிவிட்டது என்று சொல்வார்கள். வாங்கினார், பழுது பார்த்தார், 1985இல் இறந்தபோது பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்கு விட்டுச்சென்றார்.

மர வண்டு அரித்த உத்திரங்களைக் கழற்றிச் சரிசெய்து மாட்டும் பெரிய வேலை 1989இல் தொடங்கி 2004 வரை நடந்தது. செலவு ஒரு கோடி பவுண்டுக்கு மேல். இன்று நாம் டிக்கெட் வாங்கி உள்ளே போக முடிவது இத்தனை பேரால்தான்.

இந்தக் கட்டுரையைப் புத்தகமாக்கினால் ராபின்சன் பெயரைத் தயவுசெய்து சேருங்கள். அவருடைய அஸ்தி அந்த வீட்டுச் சுவரிலேயே வைக்கப்பட்டிருக்கிறது. பார்க்கப் போகிறவர்கள் ஒரு நிமிடம் அங்கே நிற்கட்டும்.

இப்படிக்கு,
கென்ட்டிலிருந்து ஒரு வாசகி