பேராதனைத் தமிழ் நாடகத் தொடருக்கு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

பேராதனைப் பல்கலைக்கழகத் தமிழ் மாணவர்கள் வரும் கல்வியாண்டில் மூன்று ஆற்றுகைகளை மேடையேற்ற ஆயத்தமாகி வருகின்றனர். பேராசிரியர் க. கணபதிப்பிள்ளையின் ‘உடையார் மிடுக்கு’, மட்டக்களப்புக் கூத்து மரபுகளில் ஒன்றான வடமோடியில் அமைந்த ‘கர்ணன் போர்’, மலையகக் காமன் கூத்தின் சில பகுதிகள் ஆகியனவே அவை. இவற்றுக்கு வேண்டிய பணத்தைத் திரட்டும் பொறுப்பை, ஒரு காலத்தில் அங்கே ஆடியும் பாடியும் திரை இழுத்தும் பழகிய பழைய மாணவர்களாகிய நாங்கள் ஏற்றிருக்கிறோம்.

மூன்றிலும் செலவு கூடியது கர்ணன் போர். 1956இல் எதிரிவீர சரச்சந்திர மேடையேற்றிய ‘மனமே’, சிங்கள அரங்குக்குப் புதுவழி காட்டியது. அதற்கு அடித்தளமான ‘நாடகம’ என்னும் சிங்கள நாட்டார் நாடக வடிவமோ தமிழ்க் கூத்தோடு உறவுடையது. அந்த முயற்சி தந்த ஊக்கத்தோடு பேராசிரியர் சு. வித்தியானந்தன் நம் கூத்தின் பக்கம் திரும்பினார். ஊரிலே, சுற்றிவர மக்கள் இருந்து பார்க்கும் வட்டக்களரியில் விடிய விடிய ஆடப்பட்ட கர்ணன் போர், 1962இல் சுருக்கப்பெற்றுப் பல்கலைக்கழக மாணவர்களின் ஆட்டத்தில் ஒரு பக்கம் மட்டுமே பார்வையாளருக்குத் திறந்த படச்சட்ட மேடைக்கு வந்தது. நொண்டி நாடகம் 1963இலும் இராவணேசன், வாலிவதை ஆகியன பின்னரும் தொடர்ந்தன.

கூத்தை ஏட்டைப் பார்த்துப் படித்துவிட முடியாது. கூத்துப் பழக்கும் ஆசானான அண்ணாவியார் மத்தளத்தில் கைவைத்து, தாளக்கட்டை வாயாற் சொல்லி, ஆடுபவரின் காலை அதற்குப் பழக்க வேண்டும். பாத்திரம் களரிக்குள் நுழையும்போது ஆடும் ஒரு வரவாட்டம் உடம்பில் ஏறவே வாரக்கணக்காகும். ஆகவே மட்டக்களப்பிலிருந்து வரும் அண்ணாவியாரும் சல்லரி என்னும் தாளக்கருவி வாசிப்பவரும் மூன்று மாதம் பேராதனையில் தங்க வேண்டியிருக்கிறது. அவர்களுடைய தங்குமிடம், சாப்பாடு, போக்குவரத்து, அவர்கள் விட்டுவரும் வயல் வேலைக்கு ஈடான சன்மானம் ஆகியவற்றுக்கே சேரும் பணத்தின் பெரும்பங்கு போகும். கலைஞருக்கு ஒரு பொன்னாடையைப் போர்த்தி வழியனுப்பிவிடும் வழக்கத்தில் எங்களுக்கு உடன்பாடில்லை.

அடுத்தது உடுப்பு. வடமோடி அரசர்களுக்குரிய கரப்புடுப்பு, பிரம்பு வளையங்களின்மேல் துணி போர்த்திச் செய்யப்படுவது. பழகாதவர் அதைக் கட்டிக்கொண்டு சுழன்றால் வளையம் பக்கத்தில் நிற்பவரைத் தட்டும்; எனவே அரங்கேற்றத்துக்கு மட்டுமன்றிப் பயிற்சிக்கும் அது வேண்டும். எங்கள் கைவசமுள்ள இரண்டில் ஒன்றின் பிரம்பு, நாங்கள் ஈரத்தில் வைத்த பிழையால் உளுத்துப்போயிற்று. மலைநாட்டு ஈரம் மத்தளத்தையும் விடுவதில்லை. மழைக்காலத்தில் தோல் தொய்ந்து, அனலில் காட்டிய பிறகே நாதம் எழும்.

காமன் கூத்தைப் பற்றிக் குழுவுக்குள் நீண்ட வாதம் நடந்தது. காப்புக் கட்டி, நோன்பிருந்து, மாசி மாதத்தில் தோட்டத்து மக்கள் ஆடும் சடங்கை மேடைப் பொருளாக்கலாமா என்பது நியாயமான கேள்வி. தோட்டங்களிலிருந்து வந்து படிக்கும் மாணவர்களே தங்கள் ஊர்ப் பெரியவர்களைக் கேட்டு, சடங்குப் பகுதிகளைத் தவிர்த்து, ரதி மதன் பாடல்களையும் ஆட்டத்தையும் தப்பு என்னும் பறையின் அடியையும் மட்டும் எடுத்துள்ளார்கள். அப்பெரியவர்களை ஒத்திகைக்கும் ஆற்றுகைக்கும் அழைத்துவர ஒரு சிற்றூர்தி தேவை. உடையார் மிடுக்குக்கு அதிகம் வேண்டியதில்லை: நாலு கதிரை, யாழ்ப்பாணப் பேச்சுக்குப் பழகிய நாக்கு.

சிங்கள மாணவர்களும் பார்க்க வருவார்கள் என்பதால், ஒவ்வொன்றின் கதைச் சுருக்கத்தையும் சிங்களத்தில் அச்சிட்டு வழங்கவுள்ளோம். அனுமதி இலவசம்.

தொகையை நாங்கள் வரையறுக்கவில்லை. பணமாக இயலாதவர்கள் பிரம்பாகவோ, பழைய பட்டுச்சேலையாகவோ, அண்ணாவியார் குழுவுக்கு ஒரு வாரச் சாப்பாடாகவோ தரலாம். ஒவ்வொரு நன்கொடைக்கும் பற்றுச்சீட்டு வழங்கப்படும்; கடைசி ஆற்றுகை முடிந்த ஒரு மாதத்துக்குள் வரவு செலவுக் கணக்கு அனைவருக்கும் அனுப்பப்படும். மிஞ்சும் பணம் உடுப்புகளை ஈரம்படாமல் வைக்க ஓர் அலுமாரிக்குச் செல்லும்.

ஒரு வேண்டுகோள் மட்டும்: அரங்கேற்ற வேளைக்கென்று காத்திராமல், பாத்திரங்களைப் பகிர்ந்தளிக்கும் சட்டம் கொடுத்தலுக்கு முன்பே உங்கள் பங்கைச் சேர்ப்பியுங்கள். அண்ணாவியார் அன்றைக்கே வந்துவிடுவார்.

இங்ஙனம்,
நாடகத் தொடர் நிதிக் குழுவினர்